வத்தலக்குண்டு தந்த மூவர்

எழுத்தாளர் ஆக விரும்பும் இளைஞர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “பெரிய எழுத்தாளர்கள் விடியற்காலையில் எழுதினார்களா, இரவில் எழுதினார்களா?” என்பதே அது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் இக்கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறேன். ஒருவருக்கு ஏற்ற நேரம் மற்றவருக்கு ஏற்காது. ஆதலின் அதனால் விளையும் பயன் சிறிது. எதற்குக் கட்டுப்பட்டு அவர்கள் எழுதினார்கள் என்று கேட்பதே பயன் தரும். அதற்குரிய விடை நம் திண்டுக்கல் வட்டாரத்து வரலாற்றிலேயே இருக்கிறது.

நான் வாழும் காந்திகிராமத்திற்கு மேற்கே, கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் இருப்பது வத்தலக்குண்டு. இச்சிற்றூரோடு தொடர்புடைய மூவர் தமிழ் உரைநடை வரலாற்றில் நீங்கா இடம் பெற்றிருக்கின்றனர். பி. ஆர். ராஜமையர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா என்பவரே அம்மூவர். காலத்தாலும் இயல்பாலும் வேறுபட்ட இவர்களுக்குப் பொதுவான பழக்கம் ஒன்று உண்டு. மூவரும் தம் பேனாவை ஒரு பத்திரிகையின் தவணையோடு பிணைத்துக்கொண்டனர்.

முதலில் ராஜமையர். 1872-ஆம் ஆண்டில் வத்தலக்குண்டில் பிறந்தவர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலை 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ என்னும் பத்திரிகையில் பகுதி பகுதியாக எழுதினார். 1896-இல் அது நூலாயிற்று. தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. தமிழில் நாவல் என்னும் துறையே அப்பொழுது புதியது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. பின்பற்றுவதற்கு முன்மாதிரிகள் அரிதாக இருந்த அந்நாளில், மதுரைச் சீமையின் ஒரு சிற்றூரையும் அங்கு வாழ்ந்த மாந்தரையும் அவர் தம் கதைக்குக் களமாக்கினார். 1896-இல் தொடங்கிய ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்று, பல புனைபெயர்களில் அதன் பக்கங்களைத் தாமே நிரப்பினார். 1898-இல் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தாறே. முதிர்ச்சி வரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால் தமிழுக்குக் கமலாம்பாள் கிடைத்திருப்பாளா? எண்ணிப் பாருங்கள்.

அடுத்தவர் ராமையா. 1905-இல் பிறந்த இவர் கல்லூரிப் படியை மிதித்தவரல்லர். 1930-களின் தொடக்கத்தில் ‘ஆனந்த விகடன்’ நடத்திய சிறுகதைப் போட்டிக்கு எழுதிய ‘மலரும் மணமும்’ இவருக்கு எழுத்துலகின் கதவைத் திறந்தது. 1933-இல் தோன்றிய ‘மணிக்கொடி’, 1935-இல் சிறுகதை இதழாக மாறியபோது அதன் ஆசிரியர் ஆனார். தாம் எழுதுவதோடு பிறர் எழுதியதைத் தேர்ந்து திருத்தமாக வெளியிடுவதும் அவரது அன்றாடப் பணியாயிற்று. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி ஆகியோரின் கதைகள் அவ்விதழில் மலர்ந்தன. பிறர் கதையைக் கூர்ந்து படிப்பவனுக்குத் தன் கதையின் குறை தானே புலப்படும். ராமையா தம் வாழ்நாளில் ஏறக்குறைய முந்நூறு சிறுகதைகள் எழுதினார், நாடகமும் எழுதினார். அந்த இதழின் நாட்களை நினைவுகூர்ந்து அவர் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ 1982-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது.

மூன்றாமவர் செல்லப்பா. 1912-இல் சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். ராமையாவின் ‘மணிக்கொடி’யில் கதை எழுதிப் பழகிய இவர், 1959 சனவரியில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தாமே தொடங்கினார். செல்வர் துணையின்றி 1970 வரை அதனை நடத்தி 119 இதழ்கள் வெளியிட்டார். தமிழில் புதுக்கவிதையும் ஆழ்ந்த இலக்கியத் திறனாய்வும் வேரூன்ற அவ்விதழ் பெருந்துணை புரிந்தது. தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார்.

நம் பக்கத்துச் சல்லிக்கட்டைப் பற்றி அவர் எழுதிய ‘வாடிவாசல்’ அளவிற் சிறியது. காளையின் அசைவும் வீரனின் அசைவும் கண்முன் நிற்கும்படி எழுதப்பட்டது. ஊர்க் களத்தைக் கண்ணூன்றிப் பார்த்த ஒருவராலன்றி அத்தகைய எழுத்து இயலாது. விடுதலைப் போராட்டக் காலத்தைச் சித்திரிக்கும் ‘சுதந்திர தாகம்’ என்னும் நாவலோ மூன்று பெருந்தொகுதிகள் கொண்டது. அது 1997-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். 2001-இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு வழங்கப்பட்டது. தம் ஊர்க்காரரான ராமையாவின் கதைகளையெல்லாம் படித்து ஆராய்ந்து, ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்று ஒரு தனி நூலே எழுதினார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். முன்னவரை முழுமையாகப் படிப்பதும் எழுத்தாளனின் கடமை அன்றோ?

வயது போதாது, படிப்புப் போதாது, பணம் போதாது என்று இளைஞர்கள் கூறும் மூன்று காரணங்களுக்கும் இம்மூவர் வாழ்க்கை விடையாக நிற்கிறது. குறித்த நாளில் பத்திரிகை வாசகன் கைக்குப் போய்ச் சேரவேண்டும். அந்த வாக்கைக் காப்பவன் மனம் கனியும் நேரத்திற்காகக் காத்திருக்க இயலாது. உட்கார்ந்து எழுதியே ஆகவேண்டும். எழுத எழுதத்தான் மனமும் கனிகிறது.

1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவியபோது அவர்கள் உளங்கொண்ட கல்விநெறியும் இதுவே. கை நாள்தோறும் உழைத்தாலன்றி அறிவு நிலைபெறாது என்பது காந்தியடிகளின் ஆதாரக் கல்விக் கொள்கை. இராட்டையில் ஒருநாள் உட்கார்ந்து மலைபோல் நூற்றுவிட்டு ஒரு மாதம் ஓய்ந்திருப்பவன் நூற்கக் கற்றவன் ஆகான். நாளும் சிறிதளவு நூற்பவனுக்கே இழை அறாமல் சீராக வரும். எழுத்தும் அவ்வாறே.

ஆகவே உங்களுக்கு ஒன்று சொல்வேன். ஐந்தாறு பேர் கூடி ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்குங்கள். திங்கள்தோறும் முதல் நாளன்று அது வெளிவரவேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் தெருவையும் சந்தையையும் வயலையும் பற்றி எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் தயங்காமல் குறை கூறுங்கள். கேட்பவர் முகம் சுளிக்காமல் கேளுங்கள். முதல் இதழ் எளிதாக வந்துவிடும். நான்காவது இதழில்தான் சோர்வு தலைகாட்டும். அந்த நான்காவது இதழைக் குறித்த நாளில் வெளியிடுங்கள். எழுத்தாளனுக்கு வேண்டிய முதற்பாடத்தை அன்று கற்றுக்கொண்டவர்கள் ஆவீர்கள்.