யார் வீட்டுப் பிள்ளை?

எங்கள் தெருவில் குழந்தைகளுக்கு உரைமருந்து கொடுக்கும் பாட்டி ஒருத்தி இருந்தாள். வசம்பையும் கடுக்காயையும் கல்லில் உரைப்பதற்கு முன்னால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாள். பதிலுக்குத் தக்கபடி உரைப்பு ஒன்று கூடும், ஒன்று குறையும். அப்பனுக்கு ஒத்துக்கொள்ளாதது பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளாது என்பது அவள் கட்சி. நாங்களெல்லாம் சிரிப்போம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்ட வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, அந்தச் சிரிப்பை நினைத்து எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

1940-களில் அந்த நோய் கண்ட குழந்தைக்கு ஆயுள் சில மாதங்கள்தாம். 1948-ல் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தால் நோயைச் சிறிது காலம் அடக்கிக் காட்டினார். (அதைத் தயாரித்துக் கொடுத்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?) பிறகு வந்தவர் கெர்ட்ரூட் எலியன். பதினைந்து வயதில் தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண். ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மெர்காப்டோப்யூரின் 1953-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை வேறு மருந்துகளோடு சேர்த்து ஆண்டுக்கணக்கில் கொடுத்தபோதுதான் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள்.

உடம்பின் அளவைக் கணக்கிட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விகிதத்தில் மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோர் தாங்கிக் கொண்டார்கள். ஆனால் எங்கோ ஒரு குழந்தைக்கு எலும்பு மஜ்ஜையே வற்றிவிடும்; வெள்ளணுக்கள் அற்றுப்போய், ஏதோ ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விடும். நோயிலிருந்து காக்கக் கொடுத்த மருந்தே எமனாயிற்று! பக்கத்துக் கட்டிலில் அதே மருந்தைச் சாப்பிட்ட பிள்ளை ஓடி விளையாடுகிறான். அந்தத் தாய்க்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

சமாதானம் இல்லை, விளக்கம் கிடைத்தது. அதற்கும் 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் வைன்ஷில்பாம் 298 பேருடைய ரத்தத்தைச் சோதித்தார். இந்த மருந்தைச் செயலற்றதாக்கும் டி.பி.எம்.டி. என்ற நொதி ரத்தச் சிவப்பணுக்களிலும் உண்டு. பத்தில் ஒன்பது பேரிடம் அது தாராளமாக இருந்தது. ஏறக்குறையப் பத்தில் ஒருவரிடம் நடுத்தரம். ஒரே ஒருவரிடம் அடியோடு காணவில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரு மரபணுக்களும் பழுதாக அமைந்தால் இந்தக் கதி. அப்படிப்பட்ட உடம்பில் மருந்து கழியாமல் சேர்ந்து சேர்ந்து நஞ்சாகிறது.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து லின் லெனார்டும் அவருடைய சகாக்களும் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. நொதி மிகுந்த பிள்ளைகளின் உடம்பில் மருந்தின் வீரியம் நிற்காமல் போய்விடக்கூடும். வீரியம் குறைந்தவர்களிடம் நோய் திரும்பி வருவது அதிகம் என்று கண்டார்கள். மருந்து சாப்பிட்டும் ஒரு தொல்லையுமில்லை என்று பெற்றவர்கள் மகிழ்ந்திருப்பார்களே, அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு மருந்தே எட்டவில்லை!

இப்போது நொதியே இல்லாத குழந்தைக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் வாரத்தில் மூன்றே நாள் என்று தொடங்குகிறார்கள். அவ்வுடம்புக்கு அந்தத் துளியே முழு மருந்து.

ஆயினும் ஆசியக் குழந்தைகள் சிலர், இந்த நொதி நன்றாக இருந்தும் சாய்ந்தார்கள். காரணம் நூட்-15 என்ற இன்னொரு மரபணு. அதை 2014-ல் கொரிய ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார்கள். அதன் பழுது ஐரோப்பியரிடம் அரிது; கிழக்காசியரிடம் மிகுதி; நம்மவரிடமும் உண்டு. ஆகவே வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைக்காக ஏற்பட்ட முதல் சோதனை மட்டும் நம் வீட்டுப் பிள்ளைக்குப் போதாது. இரண்டையும் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.