அலை விட்டால்தான் மெட்ராஸ்

பாகலூர்ல உட்கார்ந்து கப்பல் பத்திப் பேசுறது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனா ஒரு நேயர் கேட்டிருந்தார்: குரூஸ் கப்பல் ஊர் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல நின்னுட்டு, சில நாள் ஆளை இறக்காமலே போயிடுதே, ஏன்?

துறைமுகம் இல்லாத இடத்துல பயணிகளைச் சின்னப் படகில்தான் கரை சேர்க்கணும். அலை எழும்பினா கப்பலும் படகும் ஒண்ணா ஏறி இறங்காது. நடுவுல கால் வைக்கிறவர் பாடு ஆபத்து. அதனால கேப்டன் வேண்டாம்னுடுவார்.

மெட்ராஸ் இருநூறு வருஷத்துக்கு மேல இப்படித்தான் இருந்தது. 1639-இல் ஆங்கிலேயர் கோட்டைக்கு இடம் பிடித்தது திறந்த மணல் கரையில். கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போடும். கரைக்கு முன்னால் வரிசை வரிசையாக உடையும் அலைகள். ஐரோப்பியப் படகு அதில் மாட்டித் தரை தட்டினால் பலகை பிளந்துடும். நம்ம மசூலா படகுல ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பாங்க. அடி விழுந்தா வளையும், உடையாது. கூடவே கட்டுமரம் வரும், விழுந்தவரைத் தூக்க.

அலை மிஞ்சினால் கரையில் எச்சரிக்கைக் கொடி ஏறும். அன்னிக்குப் போக்குவரத்து இல்லை. அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தையே இறக்கிடுவாங்க. டிசம்பர் நடு வரை கப்பல்கள் இங்கே நிற்கக் கூடாதுன்னு அர்த்தம். காரணம் இருந்தது. 1746 செப்டம்பரில் மெட்ராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, அக்டோபர் புயலில் கப்பல்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் இழந்தார்.

பயணிகள் எழுதிய குறிப்புகளில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வரும்: படகுக்காரர்கள் நடு அலையில் கூடுதல் காசு கேட்கிறாங்களாம். இருக்கலாம். ஆனா எழுதினது பயணி மட்டும்தான். எந்த அலையில் துடுப்பை நிறுத்தணும், எதில் பாயணும்னு உயிரைப் பணயம் வச்சுக் கணக்குப் போட்டவர் தன் பக்கத்தை எழுதலை. எனக்கு அந்தக் கூலித் தகராறுல அவர் பக்கம்தான் சாய்வு.

1860-களின் தொடக்கத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டி இரும்புப் பாலம் வந்தது. 1870-களில் துறைமுக வேலை ஆரம்பிச்சாங்க. 1881 நவம்பர் புயல் அலைதடுப்புச் சுவரைச் சிதைச்சது. திரும்பக் கட்டினாங்க. சுவர் நின்னதும் தெற்கே மணல் குவிஞ்சு மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. மசூலா படகுக்குப் பயணிகள் போயாச்சு. கரைவலை போடுறவங்க மட்டும் அதை வச்சிருந்தாங்க.