போடியில் மனை வாங்க போறீங்களா? புரோக்கரிடம் முதலில் "நம்பர்" கேளுங்க!

போடி,

"மலையடிவாரத்துல மனை, பக்கத்துலயே ரெயில்வே ஸ்டேஷன், இன்னிக்கு டோக்கன் போட்டா ரேட் குறையும்" என்று ஆசை காட்டும் நோட்டீசுக்கு பஞ்சமே இல்லை. 2010-ம் ஆண்டு கடைசியில் நின்று போன போடி ரெயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15-ந்தேதி மறுபடி ஊருக்குள் வந்தது. நோட்டீஸ்களில் இப்போது ரெயிலும் ஒரு விளம்பரம்.

விடியற்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்கு போகிறவர்கள், சீட்டு போட்டு சேர்த்த காசைத்தான் இதில் கொட்டுகிறார்கள். அது போனால் போனதுதான். அதனால் புரோக்கர்களுக்கு சட்டம் போட்டுள்ள கடிவாளத்தை தெரிந்து கொள்வது நல்லது.

"ரெரா" என்றால் என்ன?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டம் 2016-ல் வந்தது. 2017 மே 1 முதல் முழுமையாக அமலில் உள்ளது. தமிழ்நாட்டுக்கும், அந்தமானுக்கும் சேர்த்து ஒரே ஆணையம், சென்னை எழும்பூரில் இயங்குகிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் உள்ள இடத்தில் 8-க்கு அதிகமாக மனை பிரித்தால், ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது.

அந்த மனைகளை விற்றுத்தரும் புரோக்கரும் தனியாக பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். பதிவு இல்லாத மனையை அவர் விற்றுத்தரக்கூடாது. இல்லாத ரோடு, வராத தண்ணீர் குழாயை சொல்லி ஏமாற்றக்கூடாது. கணக்கு வழக்கு வைத்திருக்க வேண்டும்.

மீறினால் என்ன தண்டனை?

தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.10 ஆயிரம் அபராதம். ஆனால் மொத்தமாக, விற்ற மனையின் விலையில் 5 சதவீதம் வரைதான் போட முடியும். ரூ.6 லட்சம் மனை என்றால் ரூ.30 ஆயிரம். மூன்றே நாளில் உச்சவரம்பு முடிந்து விடும்! "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். உண்மையான அடி வேறு இடத்தில் விழும். விளக்கம் கேட்ட பிறகு அவரது பதிவையே ஆணையம் ரத்து செய்யலாம், நிறுத்தியும் வைக்கலாம். அப்புறம் அந்த தொழிலே கிடையாது.

மனை போட்ட அதிபருக்கு இன்னும் பெரிய அடி. பதிவு செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். அதற்கும் அடங்காவிட்டால் 3 ஆண்டு வரை ஜெயில்.

ஒன்றை மறக்காதீங்க. அபராத பணம் அரசு கஜானாவுக்குத்தான் போகும், உங்க கைக்கு வராது. கொடுத்த பணம், வட்டி, நஷ்ட ஈடு வேண்டும் என்றால் அதற்கு நீங்களே மனு போட வேண்டும். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த காசை நிரூபிப்பது பெரும்பாடு.

பட்டா இருந்தால் போதுமா?

போதாது. 2021-ல் நம்ம மாவட்டத்திலேயே வடவீரநாயக்கன்பட்டி உள்ளிட்ட கிராமங்களில் அரசு நிலத்துக்கு தனியார் பெயரில் பட்டா போட்டது அம்பலமாகி, அதிகாரிகள் சஸ்பெண்டு ஆனார்கள். சி.பி.சி.ஐ.டி. போலீசும் விசாரணையில் இறங்கியது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சையும் நம்பாதீங்க. லே-அவுட்டுக்கு நகர் ஊரமைப்பு துறை ஒப்புதல் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளை பத்திரம் பதிய 2016 செப்டம்பர் 9-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு தடை போட்டதால் பலர் தவித்தது நினைவிருக்கும். மலைச்சரிவு இடம் என்றால், அந்த கிராமம் மலைப்பகுதி பாதுகாப்பு குழும பட்டியலில் உள்ளதா என்றும் கேட்க வேண்டும்.

போடிமெட்டு தாண்டினால்...

அந்த பக்கம் கேரளா. அங்கே தமிழ்நாடு ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. கேரள "ரெரா"வுக்குத்தான் போக வேண்டும். ஏலமலைக்காட்டு நிலத்தில் புது பட்டா கொடுக்கவும், வணிக பயன்பாட்டுக்கு மாற்றவும் 2024 அக்டோபர் 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால தடை விதித்தது. "தோட்டத்துல ரிசார்ட் கட்டலாம்" என்று யாராவது சொன்னால், அந்த வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வக்கீலிடம் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

காசு கொடுக்கும் முன்...

* புரோக்கர் நம்பர், மனைத்திட்ட நம்பர் இரண்டையும் ஆணைய இணையதளத்தில் சரிபாருங்க.

* வில்லங்க சான்று, மூல பத்திரம், 'அ' பதிவேடு பாருங்க.

* பதிவான ஒப்பந்தம் போடாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ரூ.6 லட்சத்துக்கு ரூ.60 ஆயிரம்தான்.

* பணத்தை பேங்க் மூலம் கொடுங்க. நோட்டீசை பத்திரமா வைங்க. நாளைக்கு அதுதான் சாட்சி.

தனி ஆள் தன் ஒரு மனையை விற்பதற்கு இந்த சட்டம் பொருந்தாது. அதில் மோசடி நடந்தால் போலீசும் சிவில் கோர்ட்டும்தான் வழி.

நம்பர் கேட்டதும் புரோக்கர் முகம் சுளித்தால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்து விடுங்க. மனை எங்கேயும் ஓடிப்போகாது. காசு ஓடிப்போகும்.