அண்ணாவியின் குரலும் சுவடியின் பிழையும்

புதிய நாடகத்தை நடிக்குமுன் அவையில் வாசித்துக் காட்டுவது அண்மைக்கால வழக்கம் என்பார், மட்டாஞ்சேரியைச் சூழ்ந்த கொச்சிக் கரையின் சவிட்டுநாடகத்தை மறந்துவிடுகின்றனர். இலத்தீன் கிறித்தவரிடையே வளர்ந்த இக்கலையின் ஆசான் 'அண்ணாவி'. சுவடியிலுள்ளதை அவர் பாடிச் சொல்ல, நடிகர் கேட்டுக் கற்றனர். சார்லமேன் பேரரசன் கதையான 'காறல்மான் சரிதம்' தமிழரான சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியது என்பது மரபு. தமிழும் மலையாளமும் கலந்த அதன் மொழியைச் சிதைந்த தமிழ் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தலைமுறைகள் காதால் வாங்கி வாயால் வழங்கிய மொழி அது. மட்டக்களப்புக் கூத்திலும் பயிற்றுபவர் அண்ணாவியாரே. நடிகருக்கு அவரவர் பகுதியை வழங்கும் 'சட்டங்கொடுத்தல்' அங்கே ஒரு சடங்கு. சவிட்டுநாடகச் சுவடிகளின் 'பிழை'களுள் எவை எழுதியவர் கைவழு, எவை கேட்டவர் செவித்தடம் என்று இன்னும் பிரித்தறிய வேண்டியுள்ளது. பதிப்பிப்போர் அவற்றைச் செந்தமிழாகத் திருத்திவிட்டால் அச்சான்று அழிந்துபோகும்.