வேலையோடு வந்த வீடு

பங்கு இல்லத்து மேசையில் திருமுழுக்குப் பதிவேட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தோம். 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதி. மாஞ்சோலையிலிருந்து இறங்கிவந்து, நம் பங்கின் எல்லையில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பத்தின் குழந்தை. பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர் என ஒவ்வொன்றாக நிரப்பி வந்து, நிலையான முகவரி என்னும் கட்டத்தில் எழுதுகோல் நின்றது. "ஆச்சி, சொந்த ஊர் எது?" என்று குழந்தையின் பாட்டியைக் கேட்டோம். "எந்த ஊரைச் சொல்ல, சாமி? மலையில பொறந்தேன், மலையிலதான் கெட்டிக் குடுத்தாவ. கீழ எனக்கு ஊரு ஏது?" என்றார் அவர். அந்தக் கட்டத்தை அன்று வெறுமையாகவே விட்டுவிட்டோம். ஐந்து தலைமுறை ஓரிடத்தில் வாழ்ந்த மக்களுக்கு அவ்விடம் சொந்த ஊராகாமல் போனது எவ்வாறு என்னும் கேள்வி மட்டும் நம்மை விடவில்லை.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு அணையைக் கடந்து மலையேறினால் மாஞ்சோலை. அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இவை யாவும் பழைய சிங்கம்பட்டி சமீனுக்குரிய காடுகள். 1919-இல் சென்னையில் ஆங்கிலேயக் கல்வி அதிகாரி ஒருவர் கொலையுண்டார். அவ்வழக்கில் சிங்கம்பட்டி இளவரசர் சிக்கியதால் சமீன் கடனில் மூழ்கியது என்றும், அக்கடனே மலையைக் குத்தகைக்கு விடச் செய்தது என்றும் இப்பக்கத்து முதியோர் கூறுவர். காரணம் எதுவாயினும், 1929 பிப்ரவரியில் ஏறத்தாழ 8,370 ஏக்கர் காடு பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சென்றது. 1948-ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி சமீன் அரசுடைமையான பின்னும் அக்குத்தகை தொடர்ந்தது. குத்தகை முடியும் ஆண்டு 2028.

காட்டை அழித்துத் தேயிலை நட ஆள் வேண்டும். சமவெளியில் நிலமற்று, பண்ணை வேலையில் நொந்து கிடந்தோரைக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர்; கிறிஸ்தவரும் பலர். அட்டைக்கடிக்கும் குளிருக்கும் இடையே வரிசை வரிசையாக எழுந்தவையே லைன் வீடுகள். ஒரே நீண்ட கூரை, இடையிடையே சுவர், சுவருக்கு ஒரு குடும்பம். நாளடைவில் கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் அங்கே எழுந்தன. கல்லறைத் தோட்டமும் உண்டாயிற்று. ஓர் ஊருக்கு வேண்டியவற்றுள் ஒன்றுதான் குறைவு: குடியிருப்போர் பெயரில் ஒரு பட்டா.

விடுதலை பெற்ற இந்தியா இவர்களை மறந்துவிடவில்லை. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வேண்டிய வீட்டை அளித்துப் பேணுவது முதலாளியின் கடமை என்றது அச்சட்டம். வீட்டின் தரம், மனையின் அளவு, வாடகை ஆகியவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தந்தது. அக்காலத்துக்கு இது சிறிய காரியமன்று. நகரத்தில் வாடகைக்கு இருந்த எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு தர உறுதி கிடைத்ததில்லை. ஆனால் அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிப்போருக்கு ஒன்று புலப்படும். வீட்டை ஒட்டிய நிலத்தில் காய்கறித் தோட்டம் போட இடம் ஒதுக்குவதற்கும், அதே குடும்பத்தை அவ்வீட்டிலிருந்து வெளியேற்றுவதற்கும் விதி செய்யும் அதிகாரம் ஒரே உட்பிரிவில், ஒரே மூச்சில் சொல்லப்பட்டுள்ளது. அவரைக் கொடி நட இடம் கொடுத்த கையே அதனைப் பிடுங்கவும் வழி வைத்தது. 1981-இல் வந்த திருத்தம், வீடு இடிந்து விழுந்து உயிரோ உறுப்போ போனால் இழப்பீடு தர வேண்டும் என்றது. வீடு மனிதர்மேல் விழுவதை எண்ணிப் பார்த்த சட்டம், மனிதர் வீட்டைவிட்டு வீழ்வதை எண்ணிப் பார்க்கவில்லை. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு இதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

மலையின் அடிவாரத்தில் அதே காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கால்வாய்களின் கரையில், நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டிருந்த உழவுத் தொழிலாளர் நிலையும் முன்பு இதுவே. கூலி கூடுதலாகக் கேட்டால் குடிசை போகும். இதை உணர்ந்த மாநில அரசு 1961-இல் குடியிருப்பு வெளியேற்றத் தடுப்புச் சட்டத்தையும், 1971-இல் குடியிருந்த மனையையே அவர்களுக்கு உரிமையாக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதனால் தமிழகத்தின் எத்தனையோ சேரிகளில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் மண்ணேனும் உழைப்பவர் பெயரில் பதிவாயிற்று. சுவர் மண்சுவர்தான், கூரை ஓலைதான். ஆயினும் "போ" என்று சொல்ல ஆளில்லை. மலைமேல் ஏறிய அண்ணனுக்கு ஓட்டு வீடு கிடைத்தது. கீழே நின்ற தம்பிக்கு ஓலைக் குடிசையும் அதன் அடியிலிருந்த மண்ணும் கிடைத்தன. 1971-இல் இவ்விருவருள் யார் பேறு பெற்றவர் என்று கேட்டிருந்தால், அண்ணனைத்தான் நாமும் காட்டியிருப்போம்.

நகரத்து வாடகைதாரருக்கும் அன்று சட்டத்தின் நிழல் இருந்தது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குறித்த காரணங்களின்றி ஒருவரை வெளியேற்ற இயலாது. வேலைக்காகத் தரப்பட்ட வீட்டில் இருப்பவரோ சட்டத்தின் கண்ணுக்கு வாடகைதாரரே அல்லர். இருக்க அனுமதி பெற்றவர், அவ்வளவே. நமக்கு இச்சட்ட மரபைக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்திலும் நெடுங்காலம் இதே நிலைதான். பண்ணை வீட்டில் குடியிருந்த உழவுத் தொழிலாளி, வேலை போன அன்றே வீட்டையும் இழப்பார். அந்நாட்டினர் 1976-இல் தனிச் சட்டம் செய்து, வேலை முடிந்தாலும் வீட்டில் தொடர்ந்திருக்கும் உரிமையை அவருக்கு அளித்தனர். இங்கே அப்படியொரு சட்டம் பிறக்கவில்லை. (1976 என்னும் ஆண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குத் திரும்பி வருவோம்.)

இது மாஞ்சோலைக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. நெல்லைச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் இலங்கை மலையகம் சென்றோர் லயத்தில் வாழ்ந்தனர். 1948-இல் குடியுரிமையையும் இழந்தனர். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களுக்காகவே நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் டான்டீ என்று பெயர் பெற்றது அதுவே. அங்கும் வீடு வேலையோடுதான் வந்தது. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மண் சரிந்து லைன் வீடுகளை மூடியபோது மாண்ட 70 பேருள் பெரும்பாலோரின் பூர்வீகம் நம் அண்டையிலுள்ள கயத்தாறுப் பகுதி. தலைமுறைகளாய் உழைத்தும், அவர்களுக்கு அங்கே சொந்தமாய்க் கிடைத்த நிலம் கல்லறைக்குழி மட்டுமே.

மாஞ்சோலை மக்கள் கூலி கேட்டுப் போராடியதும், சிறைப்பட்டோரை விடுவிக்கக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்த பேரணியும் நம் நினைவில் உள்ளவை. தடியடிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியோர் உள்ளிட்ட 17 பேர் மாண்டனர். அவர்களுள் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. அன்று பேசப்பட்டது கூலி. வீட்டைப் பற்றி எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. திரும்பிச் சென்றவர்கள் அதே முதலாளியின் கூரைக்குக் கீழேதான் படுத்துறங்கினர் என்பது அப்போது நமக்கு உறைக்கவே இல்லை.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 1988-இல் உருவான களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவே இத்தோட்டங்கள் உள்ளன. சிங்கம்பட்டிக் காடு 2018-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, 2024 மே இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டத்தை நிறுவனம் அறிவித்தது. எஞ்சியிருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்க்கு ஜூன் நடுவில் வேலை நின்றது; ஆகஸ்டு தொடக்கத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றனர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெளியேற்றத்தை இடைக்காலமாகத் தடுத்தது. டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்னும் மக்களின் வேண்டுகோளை ஏற்காமல், மறுவாழ்வுக்கான ஏற்பாடுகளை அரசு நிறைவேற்ற வேண்டும் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

காடு காடாக மீள வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. பொருநை பிறக்கும் மலை அது. அந்நீரைக் குடிக்கும் நாம் அதற்கு எதிராக எழுத இயலாது. ஆயினும் காட்டை அழித்த கணக்கைத் தீர்க்கும்போது, குத்தகை கொடுத்தவரும் எடுத்தவரும் விலகிக்கொள்ள, கூலிக்கு மரம் வெட்டியவரின் பேத்தி மட்டும் வீட்டைக் கொடுத்து அடைக்க வேண்டியிருக்கிறது. இது என்ன நியாயம்?

வீடு தரவே இல்லை என்று அரசைக் குறை கூறவும் முடியாது. திருநெல்வேலியை அடுத்த ரெட்டியார்பட்டி முதலிய இடங்களில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகள் முன்வைக்கப்பட்டன. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய வாரியம் அது. கொழுந்து கிள்ளிப் பழகிய ஐம்பது வயதுக் கைக்கு அங்கே என்ன வேலை என்பதே மக்கள் கேட்ட கேள்வி. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் இத்தகைய திட்டங்கள் யாவும் பயனாளியின் காலடியில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே தொடங்குகின்றன. லைன் வீட்டில் பிறந்தவர் குடிசைவாசியும் அல்லர், வாடகைதாரரும் அல்லர், மனை உடையவரும் அல்லர். எந்தப் பட்டியலிலும் அவருக்கு ஒரு வரி இல்லை.

குருமட நாள்களில் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தபோது, மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கும் மதிலற்ற சிற்றூர் வீட்டுக்கும் தனித்தனி விதி ஏன் என்று வியந்தோம். நகரத்து வீட்டை விற்று ஓராண்டுக்குள் மீட்காவிடில் போனது போனதுதான்; சிற்றூர் வீடோ வயலாகவே கருதப்பட்டு, யூபிலி ஆண்டில் குடும்பத்துக்குத் திரும்பிவிடும். உழைப்பவரின் வீட்டை அவர் உழைக்கும் மண்ணிலிருந்து பிரிக்கலாகாது என்பதே அதன் உட்கிடை என இன்று எண்ணுகிறோம்.

இனி அந்த 1976. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பொது அறநிலையங்களின் கட்டடங்கள் அனைத்துக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து அது விலக்களித்தது. அறநிலையங்களின் வருவாய் குன்றிவிடக் கூடாது என்பது நோக்கம். உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இங்கிலாந்து பண்ணைத் தொழிலாளிக்கு வீட்டுரிமை கொடுத்த அதே ஆண்டில், கோயில் வீட்டில் வாடகைக்கு இருந்த நம் ஊர் ஏழைக்குச் சட்டத்தின் நிழல் நீங்கியது. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்திலும், நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் வீட்டுக்கு விலக்கு உண்டு. அரசு குறிப்பிடும் சமய அறநிலையங்களின் கட்டடங்களுக்கும் விலக்கு உண்டு. திருச்சபையின் நீதி, அமைதி ஆணையமோ, உலக வீடற்றோர் ஆண்டான 1987-இன் இறுதியில், வீடற்ற சகோதரனுக்கு நீ செய்தது என்ன என்னும் கேள்வியையே தலைப்பாக்கி ஓர் ஏடு வெளியிட்டது.

நாம் முன்பு பணியாற்றிய பங்கொன்றில் கோயிலுக்குச் சொந்தமான வரிசை வீடுகள் எட்டு உண்டு. அவற்றுள் ஒன்றில் கோயில்பிள்ளை குடும்பத்தோடு இருந்தார். அவர் இறந்தபின், புதிதாக வந்த கோயில்பிள்ளைக்கு வீடு வேண்டுமென்று, அவர் மனைவியிடம் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னோம். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. சாவியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து தந்தார். அன்று அது முறைதான் என்றே நினைத்தோம். மாஞ்சோலை ஆச்சி நம் எதிரே அமர்ந்திருந்த அன்றுதான் அந்தச் சாவி நினைவுக்கு வந்தது.

இப்போதைய பங்கிலும் ஆறு வீடுகள் உள்ளன. எவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் எழுதவும், பணியாளர் இறந்தாலோ ஓய்வு பெற்றாலோ குடும்பம் எவ்வளவு காலம் அங்கே இருக்கலாம் என்று வரையறுக்கவும் பங்குப் பேரவையில் முன்மொழிந்திருக்கிறோம். வருமானம் போய்விடும் என்று இருவர் கூறினர். வேறொருவர், இதற்கெல்லாம் ஆயர் இல்லத்தைக் கேட்க வேண்டாமா என்றார். கேட்டு எழுதியிருக்கிறோம்.