பகிர்ந்த நிமிடங்கள்: சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் 2013-14 பருவம்

2014 ஜூனில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், மயாமி ஹீட்டை 4-1 என வென்று என்.பி.ஏ. கூடைப்பந்துப் பட்டத்தைக் கைப்பற்றியது. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணியைவிட அது 70 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றது. இவ்வெற்றிக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. முந்தைய ஆண்டு இதே ஹீட்டிடம் கைக்கெட்டிய பட்டத்தை இழந்ததால் பிறந்த வைராக்கியம் ஒன்று. தன்னலமற்ற பந்துப் பகிர்வு மற்றொன்று. தோற்ற எந்த அணிக்குத்தான் வைராக்கியம் இல்லை? பந்துப் பகிர்வோ விளைவு. அதற்குக் காரணம் தேட வேண்டும். அக்காரணம் ஆட்டநேரப் பங்கீட்டில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

48 நிமிட ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பவை ஐவருக்கும் சேர்த்து 240 நிமிடங்கள். 62 வெற்றி, 20 தோல்வி என முடிந்த அப்பருவத்தில் ஸ்பர்ஸின் எந்த ஆட்டக்காரரும் சராசரியாக 30 நிமிடங்களைத் தொடவில்லை. என்.பி.ஏ. வரலாற்றில் அதுவரை எந்த அணியும் இப்படி ஆடியதில்லை. அதிகபட்சம் டோனி பார்க்கரின் 29.4. ஐந்து முதன்மை ஆட்டக்காரர்களும் அதே அளவு ஆடியதாகக் கொண்டாலும் 93 நிமிடங்கள் மற்றவர்களுக்கு மிஞ்சும். முதன்மை ஐவர் ஆளுக்கு 36 நிமிடம் ஆடும் அணியில் மிஞ்சுவது 60 மட்டுமே.

பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் இதற்கு முன்பே விலை கொடுத்திருந்தார். 2012 நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன்பாக தன் ஆட்டக்காரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் ஆகிய நால்வரையும் ஓய்வுக்கென ஊருக்கு அனுப்பியதற்காக லீக் அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. காசு கொடுத்து வந்த ரசிகருக்கு நட்சத்திரங்களைக் காட்டவில்லை என்ற குறையில் நியாயம் உண்டு. ஆனால் ஓய்வு என்றால் ஆளில்லாமை என்று மட்டுமே லீக் புரிந்துகொண்டது.

ஓய்வே வெற்றி தந்தது என்றால் ஹீட்டும் வென்றிருக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். முழங்காலைக் காக்கும் பொருட்டு ஹீட்டின் டுவைன் வேட் அப்பருவத்தில் 54 ஆட்டங்களே ஆடினார். ஆனால் அவர் விட்ட சுமையில் பெரும்பங்கு லெப்ரான் ஜேம்ஸின் தோளில் விழுந்தது. ஜேம்ஸின் சராசரி ஆட்டநேரம் 37 நிமிடங்களுக்கும் மேல். ஸ்பர்ஸிலோ அந்த நிமிடங்கள் பாட்டி மில்ஸ், போரிஸ் டியாவ், மார்கோ பெலினெல்லி போன்றோரிடம் பரவின. இருவகை ஓய்வும் ஒன்றல்ல. ஒருவருக்கு ஓய்வு கொடுக்கையில் யாருக்குப் பழக்கம் ஏற்படுகிறது என்பதே கணக்கிடத் தக்கது.

டியாவை எடுத்துக்கொள்வோம். 2012இல் சார்லட் அணி வேண்டாமென விடுவித்தவர் அவர். இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் சக ஆட்டக்காரர் ஸ்ப்ளிட்டருக்குப் பதில் தொடக்க ஐவரில் இறக்கப்பட்டார். அன்று முதற்பாதியில் ஸ்பர்ஸ் எறிந்த 33 வீச்சுகளில் 25 கூடைக்குள் விழுந்தன. அது இறுதித் தொடர்ச் சாதனை. தொடர் முழுவதிலும் அணியில் அதிக அசிஸ்ட் கொடுத்தவரும் டியாவே. நெருக்கடியில் புதிதாக ஒருவரை நம்பியதாக இதைக் கொள்ள முடியாது. பருவம் முழுக்கப் பழகிய கை அது. ஐந்தாம் ஆட்டத்தில் 6-22 எனப் பின்தங்கிய அணியை மீட்டதில் பெஞ்சிலிருந்து வந்த ஜினோபிலியின் 19 புள்ளிகளுக்கும் மில்ஸின் 17 புள்ளிகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

பிளேஆஃப் முதற்சுற்றில் டல்லாஸ் இதே அணியை ஏழாம் ஆட்டம் வரை இழுத்தடித்தது. ஆகவே பங்கீடு வெற்றிக்கு உத்தரவாதம் அன்று. எனினும், தன்னை நம்பிப் பந்து வரும் என்று பத்துப் பேர் அறிந்திருக்கும் அணியில்தான் பாஸ் தயக்கமின்றிப் பறக்கும். புள்ளிப் பட்டியலை வைத்தே பருவ வரலாறு எழுதும் ஆய்வாளர்கள், அதன் பக்கத்திலேயே இருக்கும் நிமிடப் பத்தியை முதலில் வாசிக்க வேண்டும்.