மூளைக் காயத்துக்குப் பிந்தைய இயன்முறை மதிப்பீட்டின் வரலாறு

பிறந்தபோது நலமாக இருந்த மூளை பின்னாளில் சேதமடைவது பெறப்பட்ட மூளைக் காயம் எனப்படுகிறது. சாலை விபத்தில் தலையில் படும் அடி, பக்கவாதம், மூளைக்காய்ச்சல், நீரில் மூழ்கியோ இதயம் நின்றோ மூளைக்கு ஆக்சிஜன் தடைபடுதல் எனக் காரணங்கள் பல. உயிர் தப்பிய நோயாளி, பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்துக்கு வரும்போது, பயிற்சிக்கு முன்பாக மதிப்பீடு நடைபெறுகிறது. எந்தக் கை அசைகிறது, எப்படி அசைகிறது, உட்கார முடிகிறதா, நிற்க முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் இடப்படுகிறது. என்ன பயிற்சி கொடுப்பது, எப்போது நிறுத்துவது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. அளவுகோல் பொருந்தாததாக இருந்தால், தேறிவருபவரையும் தேறாதவர் என்று எழுதி வைக்க நேரும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இயன்முறை மருத்துவர்கள் கையில் இருந்த முதன்மையான அளவுகோல் மூளைக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

போலியோ தந்த அளவுகோல்

அந்த அளவுகோல் போலியோவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எலும்பு மருத்துவர் ராபர்ட் லோவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் 1910களில் போலியோ தாக்கிய குழந்தைகளின் தசைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வலிமையைத் தரம் பிரித்தனர். புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பைத் தூக்க முடிகிறதா என்பதை எல்லைக்கோடாக வைத்தது இம்முறையின் சிறப்பு. கருவி எதுவும் வேண்டாம். சோதிப்பவரின் கையே போதும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1943 இல் வெளியிட்ட கையேடு இத்தகைய தரவரிசையை 0 முதல் 5 வரையிலான எண்களாக நிலைநிறுத்தியது. தசையில் துடிப்பே இல்லையெனில் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. புவியீர்ப்பு குறுக்கிடாதபடி கிடத்தினால் அசையுமெனில் 2. புவியீர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3. தடையையும் எதிர்த்தால் 4. இயல்பான வலிமை 5. இன்றும் மருத்துவ மாணவர் முதலில் கற்கும் அளவுகோல்களுள் இது ஒன்று. ஆனால் அக்கையேடு கை கால்களின் புறநரம்புகளில் குண்டடி பட்ட வீரர்களுக்காக எழுதப்பட்டது.

போலியோவிலும் புறநரம்புக் காயத்திலும் இம்முறை சரியாகப் பொருந்துகிறது. போலியோ கிருமி தண்டுவடத்தில் உள்ள நரம்பணுக்களை அழிக்கிறது. எந்த அணுக்கள் அழிந்தனவோ அவற்றுக்குரிய தசை மட்டும் சோர்கிறது. பக்கத்துத் தசை நன்றாகவே இருக்கலாம். ஆகவே தசைவாரியாக மதிப்பெண் இடுவதில் பொருள் உண்டு. இந்தியாவிலும் முறையான இயன்முறை மருத்துவக் கல்வி 1950களின் தொடக்கத்தில் மும்பையில் போலியோ பரவியதை ஒட்டியே தொடங்கியது.

மூளைக் காயம் அப்படிப்பட்டதன்று. பக்கவாதம் வந்த ஒருவரிடம் கையை வாய்க்குக் கொண்டுபோகச் சொன்னால் தோள் மேலேறும், முழங்கை மடங்கும், விரல்கள் இறுகி மூடிக்கொள்ளும். எல்லாம் ஒரே கட்டாக நிகழும். முழங்கையை மடக்கும் தசையை மட்டும் சோதித்தால் 4 கிடைக்கலாம். அதே கையால் ஒரு தம்ளரைப் பிடித்து மேசைமேல் வைக்க அவரால் முடியாமல் போகலாம். படுத்திருக்கும்போது ஒரு மதிப்பெண்ணும் நிற்கும்போது வேறொன்றும் வருவதுண்டு. மூளை தனித்தனித் தசைகளை அல்லாமல் அசைவுகளையே ஆள்கிறது என்ற கருத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலண்டன் நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வலியுறுத்தியிருந்தார். அந்தக் கருத்து சோதனை அறைக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று.

தேறும் வரிசை

1951 இல் பாஸ்டன் மருத்துவர் தாமஸ் டுவிட்செல், உடலின் ஒருபக்கம் செயலிழந்த 121 நோயாளிகளைக் கவனித்து நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நோயாளிகள் எப்படியெப்படியோ தேறுவதில்லை, ஒரு வரிசையில் தேறுகின்றனர் என்பது அதன் சாரம். முதலில் தொய்வு. பின் தசைநாண் அனிச்சைகள் மிகுதல், தசை இறுக்கம். பிறகு தோளில் தொடங்கி, முழுக்கையும் சேர்ந்து மடங்கும் கூட்டசைவு. அதற்கும் பிறகு கூட்டசைவு பிரிந்து தனி அசைவுகள் வருகின்றன. விரல்களின் தனித்த அசைவு கடைசியில். எல்லாரும் இறுதிவரை செல்வதில்லை. சிலர் இடையில் ஏதோ ஒரு படியில் நின்றுவிடுகின்றனர்.

இதை இயன்முறை மருத்துவரின் கைக்கு ஏற்ற சோதனையாக்கியவர் சிக்னே புருன்ஸ்ட்ரோம். 1898 இல் சுவீடனில் பிறந்தவர். ஸ்டாக்ஹோமில் லிங் என்பவர் 1813 இல் நிறுவிய அரச உடற்பயிற்சிக் கழகத்தில் பயின்றார். சுவிட்சர்லாந்தில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் 1928 இல் நியூயார்க் சென்றார். போர்க்காலத்தில் உறுப்பிழந்த அமெரிக்க வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். பக்கவாத நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கி, அவர்களைச் சோதிக்கும் முறையை 1966 இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 68. நான்கு ஆண்டுகள் கழித்து அது நூலாக விரிந்தது.

புருன்ஸ்ட்ரோம் தேறுதலை ஆறு நிலைகளாகப் பிரித்தார். முதல் நிலையில் கை துவண்டு கிடக்கிறது. இரண்டாம் நிலையில் இறுக்கமும் கூட்டசைவின் சாயலும் தோன்றுகின்றன. மூன்றாம் நிலையில் கூட்டசைவை நோயாளி விரும்பியபோது செய்கிறார், ஆனால் இறுக்கம் உச்சத்தில் இருக்கிறது. நான்காவதில் கூட்டசைவிலிருந்து விலகிய சில அசைவுகள் வருகின்றன, இறுக்கம் குறையத் தொடங்குகிறது. ஐந்தாவதில் அவ்விலகல் கூடுகிறது. ஆறாவதில் மூட்டுகள் தனித்தனியே இயங்குகின்றன.

மூன்றாம் நிலையைக் கவனித்தால் இந்த மாற்றத்தின் அளவு புரியும். அந்த நிலையில் கை மிகவும் விறைத்து, பார்ப்பதற்கு முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. குடும்பத்தார் மனம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். புருன்ஸ்ட்ரோமின் அட்டவணையிலோ அது ஏணியின் நடுப்படி. நான்காம் நிலைக்கான சோதனைகளும் வீட்டுத் திண்ணையில் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளியவை: கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோதல், முழங்கையை நீட்டியபடி கையை முன்னே தோள்மட்டத்துக்கு உயர்த்துதல், முழங்கையை மடக்கி வைத்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புதல். மூன்றுமே கூட்டசைவை உடைத்தால்தான் செய்யக்கூடியவை. வலிமையைப் பற்றிய கேள்வியே இவற்றில் இல்லை.

அதே காலத்தில் இலண்டனில் பெர்ட்டா போபாத் வேறு வழியில் சென்றார். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த உடற்பயிற்சி ஆசிரியை அவர். மருத்துவரான கணவர் கரேல் போபாத்துடன் சேர்ந்து தம் முறையை வளர்த்தார். கூட்டசைவைப் படியாக ஏற்பதைவிட, இயல்பற்ற அசைவைத் தடுத்து இயல்பான அசைவை வரவழைக்க வேண்டும் என்றார். எனவே அவரது மதிப்பீட்டில் எண்களைவிட அசைவின் தரத்துக்கே இடம் அதிகம். நோயாளிக்கு அது நன்மையாக இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைப் பார்த்து ஒரே முடிவுக்கு வருவதற்கு அது அவ்வளவாக உதவவில்லை.

எண்ணாக மாறிய ஏணி

புருன்ஸ்ட்ரோமின் ஏணி அவர் பிறந்த நாட்டிலேயே எண்ணாக மாறியது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆக்சல் ஃபூகல்-மேயரும் அவர் குழுவினரும் 1975 இல் வெளியிட்ட அளவுகோல், டுவிட்செலின் வரிசையையும் புருன்ஸ்ட்ரோமின் நிலைகளையும் அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வோர் அசைவுக்கும் 0, 1 அல்லது 2. கைக்கு 66, காலுக்கு 34, ஆக இயக்கத்துக்கு 100. அத்துடன் உணர்வுக்கு 24, சமநிலைக்கு 14, மூட்டு அசைவின் அளவுக்கு 44, மூட்டு வலிக்கு 44 சேர்த்து மொத்தம் 226. தேவைப்படும் பொருள்கள் அனிச்சைச் சுத்தியல், டென்னிஸ் பந்து, பென்சில், காகிதம், சிறிய டப்பா போன்றவையே. பக்கவாத ஆய்வுகளில் இன்றும் மிகுதியாகப் பயன்படும் அளவுகோல்களுள் இது ஒன்று.

தசை இறுக்கத்துக்கான அளவுகோல் இன்னோர் இரவல். 1964 இல் பிரையன் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், பல்திசு இறுக்க நோய் உள்ளவர்களிடம் ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, உறுப்பை அசைத்துப் பார்த்து இறுக்கத்துக்கு 0 முதல் 4 வரை எண் கொடுத்தார். 1987 இல் பொஹானனும் சுமித்தும் இடையில் 1+ என்ற ஒரு தரத்தைச் சேர்த்து, மூளைக் காய நோயாளிகளின் முழங்கையில் சோதித்தனர். அந்தக் கூட்டல் குறியைச் சுற்றி இன்றுவரை விவாதம் ஓயவில்லை.

இவற்றுக்கிடையே, அசைவு எப்படி இருந்தாலும் ஆள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறாரா என்ற கேள்வியும் எழுந்தது. பால்டிமோரைச் சேர்ந்த மருத்துவர் புளோரன்ஸ் மஹோனியும் இயன்முறை மருத்துவர் டொரோத்தியா பார்த்தெலும் 1965 இல் வெளியிட்ட அட்டவணை உண்ணுதல், குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், நடத்தல், படியேறுதல் உள்ளிட்ட பத்துச் செயல்களுக்கு மதிப்பெண் தந்தது. மொத்தம் 100. நூற்றுக்கு நூறு வாங்கியவர் தனியே குடித்தனம் நடத்தக்கூடியவர் என்று பொருளல்ல என்பதை ஆசிரியர்கள் அப்போதே எழுதி வைத்தனர். அவருக்குப் பணிவிடைக்கு ஆள் தேவையில்லை, அவ்வளவே. தேர்வுத்தாளில் அச்சிட வேண்டிய எச்சரிக்கை இது.

இதே பத்தாண்டில்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966 இல் திறக்கப்பட்டது. அதற்குக் காரணமான மருத்துவர் மேரி வர்கீஸ், 1954 இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் சேதமாகிக் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர், பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார்.

தலைக்காயம் கேட்ட புதிய கேள்விகள்

மேற்கண்ட அளவுகோல்களில் பெரும்பாலானவை பக்கவாதத்தை மனத்தில் கொண்டவை. பக்கவாதத்தில் வழக்கமாக ஒருபக்கம் பாதிக்கப்படுகிறது, மறுபக்கத்துடன் ஒப்பிடலாம். விபத்தில் தலை குலுங்கியவருக்கு இரண்டு பக்கமும் பாதிக்கப்படலாம், சமநிலை குலையலாம், நினைவும் புரிதலும் கலங்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வளர வளர, முன்பு இறந்திருக்கக்கூடிய இத்தகையோர் பிழைத்து வந்தனர்.

கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை 1950களில் போலியோ நோயாளிகளுக்கான பெரிய மையமாக இருந்தது. அங்கே 1972 இல் தலைக்காய நோயாளிகளின் அறிவுநிலையை எட்டுப் படிகளாக வகுத்தனர். தூண்டுதலுக்கு எதிர்வினையே இல்லாத நிலை முதல் படி. குழப்பமும் ஆவேசமும் மிகுந்த நிலை நான்காம் படி. நோக்கத்தோடு பொருத்தமாக நடந்துகொள்வது எட்டாம் படி. 1974 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜெனெட்டும் கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் கொண்டு மயக்க நிலையை அளந்தனர். இரண்டும் இயன்முறை மருத்துவத்துக்காக உருவானவை அல்ல. ஆயினும் மதிப்பீட்டை இவை மாற்றின. நான்காம் படியில் உள்ளவரிடம் கையைத் தூக்குங்கள் என்று கட்டளையிட்டுச் சோதிப்பது வீண். அவர் தூக்கவில்லை என்றால் முடியவில்லையா, புரியவில்லையா என்று தெரியாது. படுக்கையில் புரளும்போதும் போர்வையை விலக்கும்போதும் தானாக வரும் அசைவுகளைக் கண்டு குறித்துக்கொள்வதே அங்கே மதிப்பீடு.

1985 இல் சிட்னியின் ஜேனட் காரும் ராபர்ட்டா ஷெப்பர்டும், புரளுதல், எழுந்து உட்காருதல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களை 0 முதல் 6 வரை மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். 1989 இல் கனடாவின் காத்தரீன் பெர்க் சமநிலைக்கு 14 சோதனைகளும் 56 மதிப்பெண்ணும் கொண்ட அளவுகோலை அமைத்தார். பெர்க்கின் அளவுகோல் முதியோருக்காக உருவானது. சாலை விபத்தில் அடிபடுவோரில் இளைஞர் மிகுதி. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் 56க்கு 56 வாங்கிவிட்டுக் கோப்பு மூடப்பட்ட பிறகும், பேருந்தைப் பிடிக்க ஓட முடியாமல், பந்து விளையாட முடியாமல் இருக்கக்கூடும். அவரிடம் உள்ள குறையைக் காட்ட அந்தத் தாளில் கேள்வியே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகர இயன்முறை மருத்துவர் கேவின் வில்லியம்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2005 இல் உயர்நிலை நடமாட்ட மதிப்பீட்டை வெளியிட்டனர். 13 சோதனைகள், 54 மதிப்பெண். பின்னோக்கி நடத்தல், நுனிக்காலில் நடத்தல், தடையைத் தாண்டுதல், ஓடுதல், ஒற்றைக்காலில் தாவுதல், படியேறி இறங்குதல் ஆகியவை இதில் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நிறுத்துக் கடிகாரமும் அளவு நாடாவும் போதும். ஊன்றுகோல் போன்ற துணை இன்றி 20 மீட்டர் நடக்க முடிந்தவரே இச்சோதனைக்கு வரலாம். பழைய அளவுகோல்கள் பலவும் ஏறக்குறைய முடிந்துவிடும் இடத்தில் இது தொடங்குகிறது.